சுவருக்கு அப்பால் பார்க்கும் ரேடார்: முதலில் சுவரைக் கழிக்கப் பழகுங்கள்

சுவருக்குப் பின்னால் இருப்பதை ரேடாரால் பார்க்கலாம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அலை சுவரைத் தாண்டுமா?" என்பதுதான். தாண்டும். அடுத்த அறையில் இருக்கும் வைஃபை பெட்டி உங்கள் கைப்பேசிக்கு எட்டுகிறதே, அதே அலைதான் இதுவும். தாண்டுவதில் பெரிய சிரமம் கிடையாது. சுவர் தன் பங்குக்குத் திருப்பியடிக்கும் எதிரொலிதான் நம்மைப் படுத்தும். மூடுபனியில் ஹெட்லைட்டை முழு வெளிச்சத்தில் போட்டால் வெளிச்சம் நம் கண்ணிலேயே வந்து அறையும், சாலை தெரியாது. இங்கும் அப்படித்தான். இந்த வேலையில் முக்கால்வாசி நேரம் சுவரைப் படத்திலிருந்து கழிப்பதிலேயே போகும். இதைச் சொல்லாத வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள், முதல் நாளே ஒரு பெரிய மஞ்சள் கோட்டைப் பார்த்துவிட்டு "மேடம், ஆள் எங்கே?" என்று கேட்பார்கள். ஆள் அங்கேதான் இருப்பார், சுவரின் வெளிச்சத்தில் மூழ்கி.

நான் ஒரு பொறியியல் கல்லூரியின் மைக்ரோவேவ் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ராணுவத்துக்குச் செய்யும் கருவி போன்றது அல்ல. கையடக்க வெக்டர் நெட்வொர்க் அனலைசர் ஒன்று (இனி விஎன்ஏ; ஒவ்வொரு அதிர்வெண்ணாக அலையை விட்டு, வந்து சேர்வதை அளக்கும் கருவி), மின்சுற்று அச்சுப்பலகையில் வடித்த இரண்டு ஆன்டெனாக்கள், ஓர் அலுமினியத் தண்டவாளம், ஒரு மடிக்கணினி. இவ்வளவுதான்.

என்ன தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சினிமாவில் வருவதுபோல் பச்சை நிறத்தில் நடமாடும் மனித உருவம் வராது. அறையைக் கூரையிலிருந்து பார்த்தது போன்ற ஒரு வரைபடம் வரும். அதில் ஆள் நிற்கும் இடத்தில் ஒரு திட்டு, இரும்பு அலமாரி இருக்கும் இடத்தில் அதைவிடப் பெரிய திட்டு, பின்சுவர் ஒரு கோடு. அந்தத் திட்டு ஆளா, நாற்காலியா என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மூச்சு விடுகிறதா என்று வேறு விதத்தில் கேட்டுப் பார்க்கலாம். அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

சட்டம், சம்மதம்

இதைத் தவிர்த்துவிட்டு மேலே போகாதீர்கள். 1 முதல் 3 கிகாஹெர்ட்ஸ் வரை அலையைக் காற்றில் விட்டால் 1.575-இல் இருக்கும் ஜிபிஎஸ், 1.03, 1.09-இல் இருக்கும் விமான டிரான்ஸ்பாண்டர்கள், கைப்பேசி அலைவரிசைகள் எல்லாவற்றின் மேலும் நடந்து போகிறீர்கள். விஎன்ஏ விடும் திறன் ஒரு மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். உடம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் "குறைவு" என்பது "அனுமதி" ஆகிவிடாது. எங்கள் ஆய்வகம் சோதனை உரிமத்தின் கீழ் செய்கிறது. உங்களுக்கு உரிமம் இல்லையென்றால் இரண்டு வழி: அங்கீகாரம் பெற்ற அல்ட்ரா வைட்பேண்ட் (மிக அகலமான பட்டையில் இயங்கும்) ரேடார் மாட்யூல் ஒன்றை வாங்கி, அது தரும் எண்களின் மேல் கீழே சொல்லும் கணக்குகளைச் செய்யலாம். அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸ் பொதுப் பட்டைக்குள் நின்றுகொண்டு அசைவை மட்டும் பார்க்கலாம். அமெரிக்காவில் 2002-இல் வந்த அல்ட்ரா வைட்பேண்ட் விதிகள், சுவர் ஊடுருவிப் படமெடுக்கும் கருவிகளைக் காவல், தீயணைப்பு, மீட்புப் பணியாளர்களுக்கு மட்டுமே ஒதுக்கின. உங்கள் நாட்டு விதியை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சம்மதம் தனி. சுவருக்கு இரண்டு பக்கமும் உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும், அந்தப் பக்கம் நிற்பவருக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அண்டை வீட்டுச் சுவரில் ஆன்டெனாவைத் திருப்புகிறவருக்கு நான் ஒரு வரியும் சொல்லித்தரத் தயாராக இல்லை.

ஏன் 1 முதல் 3 கிகாஹெர்ட்ஸ்?

அதிர்வெண் ஏற ஏற ஆன்டெனா சிறிதாகும், படம் கூர்மையாகும். ஆனால் செங்கல்லும் கான்கிரீட்டும் அலையை விழுங்கும். 24, 60, 77 கிகாஹெர்ட்ஸ் சென்சார்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. ஜிப்சம் பலகை, மெல்லிய மரம் என்றால் அவை ஓரளவு ஊடுருவும். கட்டிய சுவரின் முன்னால் நிறுத்தினால் சுவரை மட்டும் மிக அழகாகப் படமெடுத்துத் தரும்.

கீழே போனால் வேறு சிக்கல். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வலையின் கண், அலைநீளத்தில் பாதியைவிடச் சிறிதாகிவிட்டால் வலை கிட்டத்தட்ட உலோகத் தகடு மாதிரி நடந்துகொள்ளும். 15 செ.மீ. கண்ணுள்ள வலைக்கு அந்த எல்லை ஏறக்குறைய 1 கிகாஹெர்ட்ஸ். ஆகவே அதற்கு மேல் தொடங்கி, சுவர் கழுத்தைப் பிடிக்கும் முன் நிறுத்த வேண்டும். எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் கிரெகரி சார்வட் குழு செய்து, 2011-இல் பரவலாகப் பேசப்பட்ட ரேடாரும் 2 முதல் 4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைத்தான் எடுத்துக்கொண்டது. 13 அனுப்பும் ஆன்டெனாக்கள், 8 வாங்கும் ஆன்டெனாக்கள். சுவரிலிருந்து சுமார் 6 மீட்டர் தள்ளி நின்று, 20 செ.மீ. கான்கிரீட்டுக்குப் பின்னால் நடப்பவர்களை விநாடிக்கு 10.8 படமாகக் காட்டியது. அவர்கள் கொடுத்த கணக்கின்படி, போய்த் திரும்பி வரும் அலையில் மிஞ்சுவது சுமார் 0.0025 சதவீதம். அத்தனை குறைந்தும் அவர்களுடைய தலைவலி அது இல்லை. சுவரின் வெளிச்சத்தை வெட்ட, கிரிஸ்டல் ஃபில்டரை (குறுகிய அலைவரிசையை மட்டும் விடும் வடிகட்டி) வைத்து ஒரு தனி ஏற்பாடே செய்தார்கள். நான் முதலிலேயே சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எந்தச் சுவரில் தொடங்குவது

உலர்ந்த செங்கல் சுவர் அல்லது ஜிப்சம் பலகைத் தடுப்பு. ஈரம் ஏறிய சுவர் வேண்டாம். தண்ணீர் இந்த அலைகளை நன்றாகக் குடிக்கும். வெப்பக் காப்புக்காக உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய சுவர் என்றால் கருவியை எடுத்து வைத்துவிட்டு வேறு சுவர் தேடுங்கள். 2 கிகாஹெர்ட்ஸில் அலை அலுமினியத்துக்குள் இறங்கும் ஆழம் 2 மைக்ரான்கூட இல்லை, சாதாரணத் தாளே அதைப்போல் பல மடங்கு தடிமன். எந்தக் கணக்கும் அங்கே உதவாது.

ஜிப்சம் தடுப்புக்குள் செங்குத்தாக உலோகச் சட்டங்கள் இருந்தால் ஆன்டெனாவைப் படுக்கை வாக்கில் திருப்பி, மின்புலம் சட்டத்துக்குக் குறுக்காக இருக்கும்படி வையுங்கள். செங்குத்தாக வைத்தால் ஒவ்வொரு சட்டமும் படத்தில் ஒரு ஆளைப்போல் பல்லிளிக்கும்.

கருவியை அமைத்தல்

3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் விஎன்ஏ வேண்டும். நானோ விஎன்ஏவின் இரண்டாம் பதிப்பு அந்த எல்லை வரை போகும். பழைய முதல் பதிப்பு இந்த வேலைக்குப் போதாது. விஎன்ஏவை ரேடாராக்குவது எளிது: முதல் துறையில் (போர்ட்) அனுப்பும் ஆன்டெனா, இரண்டாம் துறையில் வாங்கும் ஆன்டெனா, அளப்பது எஸ்21, அதாவது முதல் துறையில் விட்ட அலையில் இரண்டாம் துறைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பது. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் வீச்சும் கட்டமும் (அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது) கிடைக்கும். இதுதான் படிப்படி அதிர்வெண் ரேடார்.

அமைப்பு: 1 முதல் 3 கிகாஹெர்ட்ஸ், 201 புள்ளிகள். இரண்டு புள்ளிக்கு நடுவே 10 மெகாஹெர்ட்ஸ். இந்த இரண்டு எண்ணிலிருந்தும் எல்லாம் வந்துவிடும். ஒளிவேகத்தைப் பட்டை அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் தூரப் பிரிதிறன் (இரண்டு பொருளைத் தனித்தனியாகக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி): 7.5 செ.மீ. ஒளிவேகத்தைப் படியின் இரு மடங்கால் வகுத்தால் குழப்பமில்லாமல் பார்க்கக்கூடிய தூரம்: 15 மீட்டர். அதற்கு அப்பால் இருப்பது மடிந்து வந்து அருகில் இருப்பதுபோல் தெரியும். ஒரு பெரிய கூடத்தில் சோதித்தால் இதை மறக்காதீர்கள். ஒப்பிட்டுப் பாருங்கள்: 2.4 கிகாஹெர்ட்ஸ் பொதுப் பட்டையின் அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான், பிரிதிறன் 1.8 மீட்டர். அதனால்தான் அந்தப் பட்டையில் படத்தை மறந்துவிட்டு அசைவைப் பாருங்கள் என்றேன்.

ஆன்டெனாவுக்கு விவால்டி வகை வசதி. அச்சுப்பலகையில் வடித்தது, பட்டை முழுக்க ஓரளவு ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஒரே ஆன்டெனாவை இரண்டுக்கும் வைத்து எஸ்11 (அதே துறைக்குத் திரும்பி வருவது) அளந்தால் கேபிள் மிச்சம் என்று சிலர் நினைப்பார்கள். ஆன்டெனாவின் சொந்த எதிரொலி எல்லாவற்றையும் மூடிவிடும். இரண்டு ஆன்டெனா, நடுவில் 30 செ.மீ. இடைவெளி. நடுவே ஒரு உலோகத் தகட்டை நிறுத்தினால் நேரடிக் கசிவு இன்னும் குறையும்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். மடக்கினால் கட்டம் மாறும் மெல்லிய கேபிள், எல்லா முயற்சியையும் வீணாக்கும். ஆன்டெனாவோடு விஎன்ஏவையும் சேர்த்து ஒரே பலகையில் ஏற்றி, பலகையை மொத்தமாகத் தண்டவாளத்தில் நகர்த்துங்கள். அப்போது யுஎஸ்பி கேபிள் மட்டும்தான் அசையும், அது அசைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எஸ்எம்ஏ இணைப்பான்களை (கேபிளை முறுக்கி மாட்டும் இடம்) சரியான இறுக்கத்தில் முறுக்கிவிட்டு, வேலை முடியும்வரை தொடாதீர்கள்.

தண்டவாளம் 1.5 மீட்டர். 2.5 செ.மீ.க்கு ஒரு குழி. 3 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 10 செ.மீ., அதில் கால் பங்கு இந்தப் படி. இதைவிட அகலமாக நகர்த்தினால் ஓரங்களில் போலித் திட்டுகள் முளைக்கும். மொத்தம் 61 நிறுத்தங்கள். குறுக்குவாட்டுப் பிரிதிறன், அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி, தண்டவாள நீளத்தின் இரு மடங்கால் வகுத்தது: 4 மீட்டர் தள்ளி நிற்கும் ஆளுக்கு சுமார் 20 செ.மீ. தோள் அகலம் படத்தில் இரண்டு சதுரம்தான் வரும். முகம் தெரியுமா என்று கேட்காமல் இருக்க இந்த எண் போதும்.

முதலில் சுவர் இல்லாமல்

நேராகச் சுவருக்குப் போகத் துடிப்பீர்கள். வேண்டாம். திறந்த அறையில் ஒரு மூலை எதிரொளிப்பானை வையுங்கள்: மூன்று செங்கோண முக்கோணத் தகடுகள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக, சந்திக்கும் விளிம்பு 30 செ.மீ. 2 கிகாஹெர்ட்ஸில் இதன் ரேடார் குறுக்குவெட்டு (ரேடாருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது) சுமார் 1.5 சதுர மீட்டர், ஏறத்தாழ ஒரு ஆளுக்குச் சமம். ஆளைப்போல் அலுத்துக்கொள்ளாது, மூச்சும் விடாது.

விஎன்ஏவைக் கேபிள் முனைகள் வரை அளவீட்டுத் திருத்தம் செய்யுங்கள். ஆன்டெனாவுக்குள் அலை செலவிடும் நேரம் அதில் சேராது. அதைப் பிடிக்க, ஒரு பெரிய உலோகத் தகட்டை அளவுநாடா வைத்துச் சரியாக 2 மீட்டரில் நிறுத்தி அளந்து, படத்தில் எவ்வளவு கூடுதலாகக் காட்டுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எல்லாத் தூரத்திலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும்.

ஒரு ஸ்வீப்பின் (பட்டை முழுக்க ஒரு முறை அளப்பது) 201 எண்களை எடுத்து, ஹான் சன்னலால் (ஓரங்களை மெல்லக் குறைக்கும் எடைகள்) பெருக்கி, பின்னால் பூஜ்ஜியங்கள் சேர்த்து, அதிர்வெண் எண்களைத் தூரமாக மாற்றும் தலைகீழ் ஃபூரியர் மாற்றம் செய்தால் தூரக் கோடு கிடைக்கும். சன்னல் போடாவிட்டால் ஒவ்வொரு பெரிய எதிரொலிக்கும் பக்கத்தில் 13 டெசிபெல் (10 டெசிபெல் என்றால் திறனில் பத்து மடங்கு) மட்டுமே குறைந்த பக்கமடல்கள், அதாவது போலிச் சிகரங்கள், நிற்கும்; ஹான் அதை 31 டெசிபெலுக்கு இறக்கும், தள்ளிப்போகப் போக இன்னும் வேகமாகச் சரியும். பதிலுக்குப் பிரிதிறன் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல் விரியும். கொடுத்துவிடுங்கள். சுவர் இருக்கும் இடத்தில் இந்தப் பேரம் எப்போதும் லாபம்.

கோட்டில் எதிரொளிப்பான் சரியான தூரத்தில் நின்றால், தண்டவாளத்தில் 61 நிறுத்தமும் எடுத்துப் படமாக்குங்கள். நான் பயன்படுத்துவது பின்வீச்சு முறை. இதைவிட வேகமான முறைகள் உண்டு, ஆனால் இதில் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அறையைச் சிறு சதுரங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும், ஒவ்வொரு நிறுத்தத்திலும், அனுப்பும் ஆன்டெனாவிலிருந்து சதுரத்துக்கும் அங்கிருந்து வாங்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள மொத்தத் தூரத்தைக் கணக்கிடுங்கள். அந்தத் தூரம் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் கட்டத்தை எவ்வளவு பின்னுக்குத் திருப்பியிருக்குமோ அவ்வளவு முன்னுக்குத் திருப்பி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். உண்மையிலேயே அங்கே பொருள் இருந்தால் 61 நிறுத்தமும் 201 அதிர்வெண்ணும் ஒரே திசையில் கூடும். இல்லையென்றால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். பைத்தானில், நம்பை நூலகத்தோடு, இது ஒரு பக்க நிரல்கூட இல்லை.

இந்தக் கூட்டலில்தான் ரேடாரின் பலம் இருக்கிறது. 4 மீட்டரில் செங்கல் சுவருக்குப் பின்னால் நிற்கும் ஆளிடமிருந்து, சாதாரண விவால்டி ஆன்டெனாவில் எஸ்21 சுமார் மைனஸ் 70 டெசிபெல் வரும். நானோ விஎன்ஏ போன்றவற்றின் இரைச்சல் தளமே மைனஸ் 60, 70 பக்கம்தான். ஒரு அதிர்வெண்ணை மட்டும் பார்த்தால் ஆள் இல்லவே இல்லை. 201 புள்ளிகளைக் கட்டம் பிசகாமல் கூட்டினால் 23 டெசிபெல், 61 நிறுத்தங்களைக் கூட்டினால் இன்னும் 18 டெசிபெல் லாபம். இரைச்சலுக்குள் இருந்தவர் அதற்கு மேல் எழுந்து நிற்பார். அதனால்தான் "கட்டம், கட்டம்" என்று உயிரை வாங்குகிறேன்.

ஒரு சின்ன விஷயம்: பக்கத்தில் வைஃபை ஓடினால் 2.4-க்கு மேலே சில புள்ளிகள் கன்னாபின்னாவென்று துள்ளும். மூன்று ஸ்வீப் எடுத்து நடு மதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். அல்லது அந்தப் புள்ளிகளைப் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து நிரப்புங்கள்.

இப்போது சுவர்

தண்டவாளத்தைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, சுவருக்கு இணையாக வையுங்கள். இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். ஏன் என்று இதோ வருகிறேன்.

கணக்குப் போட்டால், ஒரு மீட்டரில் நிற்கும் சுவரின் எதிரொலி, 4 மீட்டரில் நிற்கும் ஆளின் எதிரொலியைவிட 30 டெசிபெல் பக்கம், அதாவது ஆயிரம் மடங்கு வலிமை. தூரத்தில் இரண்டும் வேறு வேறு இடம் என்பதால் இது மட்டுமே என்றால் சமாளித்துவிடலாம். ஆனால் சுவர் ஒரு முறை மட்டும் எதிரொலிப்பதில்லை. சுவரின் இரண்டு முகங்களுக்கு நடுவே அலை ஓடி ஓடி வால் விடும். சுவருக்கும் ஆன்டெனாப் பலகைக்கும் நடுவே மோதித் திரும்பி, 2 மீட்டரில் ஒரு போலிச் சுவர், 3 மீட்டரில் இன்னொன்று என்று வரிசை கட்டும். ஆள் நிற்கும் இடத்துக்குள்ளேயே அவை வந்துவிடும்.

கழிக்க மூன்று வழி. முதலாவது, காலி அறையை அளந்து வைத்துக்கொண்டு, ஆள் வந்தபின் அளந்ததிலிருந்து கழிப்பது. கழிக்கும்போது வீச்சை மட்டும் கழித்தால் பயனில்லை. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் சிக்கலெண்ணாக (வீச்சையும் கட்டத்தையும் சேர்த்து வைக்கும் எண்), கட்டத்தோடு கழிக்க வேண்டும். இதுவே மிகச் சுத்தமான படம் தரும். ஆனால் ஆன்டெனா அதே இடத்துக்குத் திரும்ப வர வேண்டும். 3 கிகாஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் முன்பின் ஆனால் கட்டம் 7 டிகிரி மாறும். அப்புறம் எவ்வளவு கவனமாகக் கழித்தாலும் சுவர் 18 டெசிபெல்தான் இறங்கும், அதற்கு மேல் அசையாது. குழி வெட்டிய தண்டவாளம் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். கருவி சூடாகும்போதும் கட்டம் நகரும். அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு இரண்டு அளவீட்டையும் அடுத்தடுத்து எடுங்கள்.

காலி அறையை யாரும் நமக்காகத் தயாராக வைத்திருக்கப் போவதில்லை என்பது இதன் குறை. அதனால் இரண்டாவது வழி: சுவர் தண்டவாளத்துக்கு இணையாக இருந்தால் 61 நிறுத்தத்திலும் அதன் எதிரொலி ஒரே மாதிரி இருக்கும், ஆளின் எதிரொலி மட்டும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் மாறும். எனவே 61-இன் சராசரியை எடுத்து ஒவ்வொன்றிலிருந்தும் கழித்துவிடலாம். ஒரே வரி நிரல், சுவர் மாயமாகும். தண்டவாளம் சாய்ந்திருந்தால் மாயமாகாது. ஒரு முனை ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலே கட்டம் 70 டிகிரிக்கு மேல் திரிந்துவிடும். இதில் இன்னொரு விலையும் உண்டு: பின்சுவரும் இணையாக இருப்பதால் அதுவும் சேர்ந்து போய்விடும், அகலமான அலமாரியின் முகமும் மங்கும். சுவருக்குள் கம்பியோ குழாயோ ஓடினால் அவை மிஞ்சும்.

மூன்றாவது, அசைவதை மட்டும் வைத்துக்கொள்வது. அடுத்தடுத்த இரண்டு அளவீட்டைக் கழித்தால் அசையாதது எல்லாம் போகும். லிங்கன் ஆய்வக ரேடார் படத்தைப் படத்திலிருந்து கழித்தது. எம்ஐடியிலேயே ஃபாடெல் அடிப், டினா கடாபி இருவரும் 2013-இல் வெளியிட்ட வை-வை என்ற முறை இதை இன்னும் சாமர்த்தியமாகச் செய்தது: இரண்டு ஆன்டெனாக்களிலிருந்து அலையை அனுப்பி, அசையாத பொருள்களின் எதிரொலிகள் வாங்கும் ஆன்டெனாவில் ஒன்றையொன்று ரத்து செய்யும்படி பார்த்துக்கொண்டது. கழித்தல் கணினிக்கு வருமுன்பே காற்றில் நடந்துவிடுகிறது. நம் தண்டவாளத்துக்கு இந்த வழி ஒத்துவராது. ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஆகும், அதுவரை யார் ஒரே வேகத்தில் நடப்பது?

நான் சொல்வது: இரண்டாவதில் தொடங்குங்கள், முதலாவதை வைத்துச் சரிபாருங்கள்.

திட்டு எங்கே நிற்கிறது

சுவருக்குள் அலை மெதுவாகப் போகும். அதனால் பின்னால் இருப்பது எல்லாம் உண்மையைவிடத் தள்ளித் தெரியும். எவ்வளவு என்றால், மின்காப்பு மாறிலியின் (ஒரு பொருள் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்று காட்டும் எண்) வர்க்கமூலத்திலிருந்து ஒன்றைக் கழித்து, சுவரின் தடிமனால் பெருக்குங்கள். உலர்ந்த செங்கல்லுக்கு மாறிலி 4 பக்கம் இருக்கும். வர்க்கமூலம் 2, ஒன்றைக் கழித்தால் ஒன்று. அதாவது சுவர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு தள்ளித் தெரியும். 20 செ.மீ. கான்கிரீட், மாறிலி 6 என்றால் 29 செ.மீ.

புத்தகத்து மாறிலியை நம்புவதைவிட அளந்துவிடுங்கள். சுவருக்குப் பின்னால் தெரிந்த தூரத்தில் உலோகத் தகட்டை நிறுத்தி, படத்தில் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று பாருங்கள். அந்த எண்ணைப் பின்வீச்சுக் கணக்கில் ஒவ்வொரு பாதைக்கும் சேர்த்தால் திட்டு இடத்துக்கு வருவதோடு கொஞ்சம் கூர்மையும் ஆகும். சாய்வாகப் போகும் பாதைக்குச் சற்றுக் கூடுதல் தாமதம் உண்டு. 30 டிகிரிக்குள் இருக்கும்வரை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் படம் கெடாது.

பேய்ப்பிம்பங்கள்

ஒரே ஆள்தான் நிற்கிறார், படத்தில் இரண்டு திட்டு. பக்கச் சுவர் கண்ணாடியாகிவிட்டது: அலை ஆளின் மேல் பட்டு, பக்கச் சுவரில் மோதி, சுற்றி வந்திருக்கிறது. நீண்ட பாதையில் வந்ததால் போலித் திட்டு எப்போதும் நிஜத்தைவிடத் தூரத்தில்தான் இருக்கும், பல சமயம் அறைக்கு வெளியிலேயே. சந்தேகம் இருந்தால் ஆளைப் பக்கச் சுவரை நோக்கி அரை மீட்டர் நகரச் சொல்லுங்கள். நிஜத் திட்டு அவரோடு போகும், போலி அவரை நோக்கி வரும். யாரையும் நகர்த்த முடியாதபோது தண்டவாளத்தை வேறொரு இடத்தில் வைத்து மறுபடி எடுங்கள். நிஜம் அதே இடத்தில் நிற்கும், போலி குதிக்கும். இரண்டு படத்தையும் சதுரம் சதுரமாகப் பெருக்கினால் இரண்டிலும் இருப்பது மட்டும் மிஞ்சும்.

மூச்சைக் கேட்டல்

எனக்கு இந்தச் சோதனையில் மிகப் பிடித்த பகுதி இது. படத்தில் திட்டைக் கண்டுபிடித்தபின், பலகையை அதற்கு நேராக நிறுத்திவிட்டு, நகர்த்தாமல் தொடர்ந்து அளப்பது. கையடக்க விஎன்ஏ விநாடிக்கு நூறு புள்ளி, மாடலைப் பொறுத்துச் சில நூறு புள்ளிதான் அளக்கும். 201 புள்ளி என்றால் மெதுவாகிவிடும். எனவே 1.9 முதல் 2.1 வரை 21 புள்ளி மட்டும். படி அதே 10 மெகாஹெர்ட்ஸ் என்பதால் 15 மீட்டர் வரம்பு அப்படியே இருக்கும். பிரிதிறன் 75 செ.மீ.க்கு இறங்கும், ஆள் எங்கே என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் பரவாயில்லை. விநாடிக்கு நாலைந்து அளவீடு கிடைத்தால் மூச்சுக்குத் தாராளம்.

மூச்சில் மார்பு சில மில்லிமீட்டர் ஏறி இறங்கும். 5 மி.மீ. அசைவு 2 கிகாஹெர்ட்ஸில் 24 டிகிரி கட்டம். நன்றாகவே தெரிய வேண்டும். ஆனால் வரைந்து பார்த்தால் 2 டிகிரிதான் ஆடும். காரணம், அந்தத் தூரத்தில் அசையாத பொருள்களின் எதிரொலியும், சுவரின் வாலும் சேர்ந்து ஒரு பெரிய நிலையான எண்ணாக உட்கார்ந்திருக்கும். மூச்சு அதன் மேல் ஒரு சிறு வில்லாக ஆடும். கட்டத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து அளக்காமல், அளவீடுகளைச் சிக்கலெண் தளத்தில் புள்ளிகளாக வைத்து, அவை வரையும் வில்லுக்கு ஒரு வட்டம் பொருத்தி, அதன் மையத்திலிருந்து அளந்து பாருங்கள். மறுபடியும் சுவரைக் கழிக்கும் வேலைதான், உருவம் மட்டும் வேறு.

30 விநாடித் தரவுக்கு ஃபூரியர் மாற்றம் செய்தால் நிமிடத்துக்கு 2 மூச்சு என்ற நுணுக்கத்தில் பிரியும். ஓய்வாக நிற்பவருக்கு 12 முதல் 20-க்குள் ஒரு சிகரம் தெரியும். மின்விசிறி, ஆடும் திரைச்சீலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். நாற்காலியை வைத்தும் அளந்து, சிகரம் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெற்று அளவீடு இல்லாத முடிவை நான் நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்குவதில்லை. இதயத் துடிப்பையும் பிடித்துவிட்டோம் என்று யாராவது வந்தால் கொஞ்சம் சந்தேகியுங்கள். துடிப்பில் மார்பு அரை மில்லிமீட்டர்கூட அசையாது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் அதன் ஐந்தாம் ஒத்திசை (ஐந்து மடங்கு அதிர்வெண்) 75, துடிப்பு இருக்க வேண்டிய இடத்திலேயே வந்து உட்காரும். மூச்சைச் சிறிது நேரம் அடக்கச் சொல்லி அளந்தால் உண்மை தெரியும்.

இந்த மூச்சுக் கணக்கு விளையாட்டு அல்ல. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் உருவாக்கிய ஃபைண்டர் என்ற கருவி, 2015 நேபாள நிலநடுக்கத்தில் சவுதாரா என்ற ஊரில் இடிபாடுகளுக்குள் சிக்கியிருந்த நான்கு பேரைக் கண்டுபிடிக்க உதவியது. அது படம் எதுவும் வரையவில்லை. உயிர் இருக்கிறதா என்று மட்டும் சொன்னது. அங்கே அதுதான் தேவைப்பட்டது.

தண்டவாளம் அலுத்தபின்

நிமிடக்கணக்கில் நகர்த்துவது சலித்துவிட்டால் அடுத்த படி, எட்டு ஆன்டெனாக்களை வரிசையாக நிறுத்தி மின்னணு ஸ்விட்சால் மாற்றி மாற்றி அளப்பது. நான்கை அனுப்பவும் நான்கை வாங்கவும் வைத்து, வாங்குவனவற்றை நெருக்கமாகவும் அனுப்புவனவற்றை அகலமாகவும் அடுக்கினால் 16 நிறுத்தங்களுக்குச் சமம். படம் தண்டவாளத்தில் வந்ததைவிடக் கரடுமுரடாக இருக்கும்; ஆனால் ஒரு படத்துக்கு ஆகும் நேரம் பல மடங்கு குறையும். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்ந்தவரை முன், பின் படங்களைக் கழித்துப் பிடிக்கலாம். நடப்பவரையே தொடர்வதற்கு விஎன்ஏ போதாது, வேகமான ரேடார் வேண்டும். ஸ்விட்ச் வாங்கும்போது துறைகளுக்கு இடையேயான தனிமைப்படுத்தல் 3 கிகாஹெர்ட்ஸில் எத்தனை டெசிபெல் என்று தகவல் தாளில் பாருங்கள். 40-க்குக் கீழ் இருந்தால் வேண்டாம். ஒரு ஆன்டெனாவின் சுவர் எதிரொலி இன்னொன்றின் கோட்டில் கசியும். எட்டு கேபிளும் ஒரே நீளம் இருக்கட்டும், ஒவ்வொன்றின் தாமதத்தையும் அதே 2 மீட்டர் தகட்டை வைத்துத் தனித்தனியாக அளந்து ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.